கெளுத்தி சாப்பிட்டது

வாங்கி வந்ததிலிருந்து கெளுத்தி எதையும் தொடவில்லை. பெரிய கண்ணாடித் தொட்டி பண்டிகை கழிந்துதான் வரும் என்பதால் போரிவோய் அதைக் குளியல் தொட்டியில் விட்டிருந்தான்.

"விளக்கைப் போடாத க்வேதா, பயந்துக்கும்."

"அப்ப நான் இருட்டுல குளிக்கணுமா?"

"குளிக்கவே வேணாம்."

"என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்ப இதுல பாதிக் கரிசனம் காட்டியிருக்கலாம்."

அது ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டியைப் போட்டான். மண்புழுவை நீட்டிக் கெஞ்சினான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அது மெல்ல வந்து அவன் விரலிலிருந்தே வாங்கித் தின்றது. போரிவோய்க்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் புழு வாங்க ஓடினான்.

கடைகடையாய் அலைந்து அவனும், தோழி வீட்டில் குளித்துவிட்டு க்வேதாவும் திரும்பியபோது, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் விருந்தையே பரப்பி வைத்திருந்தார். பொரித்த மீனை இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

"கெண்டை பிரமாதம் அத்தை!"

"கெண்டையா? நீங்க வாங்கின கெளுத்திதான் மாப்பிள்ளை. வருஷா வருஷம் பண்டிகை மீனைக் குளியல் தொட்டியில விடுறீங்க, வெட்டுற அன்னிக்கு மட்டும் ஓடிப்போயிடுறீங்க. அதான் நானே முடிச்சுட்டேன். ஒவ்வொரு வருஷமும் பிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். இது விரலை நீட்டினதும் தானா வந்துச்சு. நல்லாப் பழக்கியிருக்கீங்க!"