பழைய சீட்டை எடுக்கக் கூடாது

நண்டுக்கு ஆறு கால்கள்தான் இருந்தன.

கண்டக்டர் மறுபடியும் எண்ணினார். இடுக்கிகள் கணக்கில் வராது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

எட்டு இருக்க வேண்டும். நண்டு என்றால் இரண்டு இடுக்கி, எட்டுக் கால் என்று முதல் மாதமே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் தலை எண்ணியவர். இடிபட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறார், மிதிபட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறார். ஒரு தலை தப்பியதில்லை. அசையாமல் கிடக்கும் ஒரு நண்டிடமா ஏமாறப் போகிறார்?

கடல் உயிரியல் அறிமுக வகுப்பின் கடைசிச் செய்முறை அது. அலமாரியிலிருந்து ஆளுக்கொரு பாட்டிலை எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் உயிரை வெளியே எடுத்துப் பார்த்து, கூடவே கிடக்கும் சீட்டில் எழுதியிருக்கும் பெயர் சரிதானா என்று சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் நட்சத்திர மீனுக்கும் கடல் குதிரைக்கும் அடித்துக்கொண்டார்கள். இவர் நேராகப் போய், மூன்றாவது தட்டின் மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்த இந்தப் பாட்டிலை எடுத்து வந்தார்.

கோட்டுப் பொத்தான் அளவு நண்டு. முப்பத்தேழு வருஷம் ஸ்பிரிட்டில் ஊறி வெளுத்துப் போயிருந்தது. சீட்டில் ‘பாறை நண்டு’ என்று இருந்தது.

“என்ன கண்டக்டர் சார், எல்லாரும் டிக்கெட் வாங்கிட்டாங்களா?” என்றாள் பக்கத்து மேஜைப் பெண். வகுப்பில் எல்லோருக்கும் அவளைப் போலப் பதினெட்டு வயது. இவருக்கு அறுபத்திரண்டு.

“ரெண்டு கால் எங்கயோ ஒளிஞ்சிருக்கும்மா. பிடிக்காம விடமாட்டேன்.”

உடைந்து விழுந்திருக்கலாம். பயந்தால் நண்டு காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும் என்பதும் பாடத்தில் இருந்தது. ஆனால் உடைந்த இடத்தில் ஒரு கட்டையாவது மிஞ்சியிருக்க வேண்டுமே. லென்ஸை இன்னும் கீழே இறக்கிப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொன்று குறைந்ததுதான் அவரை அரித்தது.

“எண்ணிப் பாத்தீங்களா?”

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவி அதிகம் பேசிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பால் பாக்கெட் வாங்கி வந்தால் கேட்பாள். சலவைக்குப் போட்ட துணி திரும்பி வந்தால் கேட்பாள். நாளெல்லாம் ஊரார் தலையை எண்ணிவிட்டு வந்தவரை, கொடியில் கிடக்கும் கிளிப்புகளை எண்ண வைப்பாள்.

அவள் மட்டும் எதையும் எண்ண மாட்டாள். எல்லாம் கண்ணளவு. உப்பும் கண்ணளவு, ஜன்னல் திரைக்குத் துணியும் கண்ணளவு. எரிச்சல் என்னவென்றால், அது ஒருநாளும் தப்பியதில்லை.

ஒரே ஒரு தடவையாவது அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று காத்திருந்தார். அதற்கு இடம் கொடுக்காமலே, போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கண்டக்டர் ஊசியை எடுத்தார். முதுகோட்டின் பின்விளிம்பை மெல்ல நெம்பினார்.

அடியில், நூல் துண்டுகள் போல, இரண்டு கால்கள் மடங்கிக் கிடந்தன.

ஏழு. எட்டு.

கடைசி ஜோடியை இப்படிச் சுருட்டி ஒளித்துவைப்பது பீங்கான் நண்டு. பார்வைக்குத்தான் நண்டு. அசல் நண்டுகளோடு சேர்த்தி இல்லை. காலிச் சங்குக்குள் குடியிருக்குமே துறவி நண்டு, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

சீட்டில் இருந்தது தப்பு.

அவர் கையை உயர்த்தினார். பேராசிரியை வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“இத்தனை வருஷமா யாருமே கவனிக்கலையே! எழுதி வச்சவங்க காலை எண்ணியிருப்பாங்களே சார்?”

“எண்ணியிருக்க மாட்டா.”

பேராசிரியை அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாட்டிலை நோக்கிக் கை நீட்டினார்.

அப்போதுதான் கண்டக்டருக்கு உறைத்தது. பிடித்துவிட்ட குஷியில் இதை யோசிக்கவே இல்லை. தப்பான சீட்டை என்ன செய்வார்கள்? கை தானாகப் போய்ப் பாட்டிலின் வாயை மூடிக்கொண்டது.

“பழசைத் தூக்கிப் போட்டுருவீங்களா?”

“சேச்சே. பழைய சீட்டை எடுக்கவே கூடாது சார். தப்பா இருந்தாலும் அது உள்ளதான் இருக்கணும். பக்கத்துலயே நீங்க ஒண்ணு எழுதிப் போடுங்க. பென்சில்ல எழுதுங்க, மை கரைஞ்சிரும்.”

அவர் எழுதினார். பீங்கான் நண்டு. கால்களை எண்ணிப் பார்த்தவர் என்று போட்டு, கீழே தன் பெயர், இன்றைய தேதி.

நண்டை உள்ளே இறக்கினார். சீட்டைச் சுருட்டி விட்டார். அது மிதந்து, நனைந்து, மெதுவாக அமிழ்ந்து, பழைய சீட்டின் மேல் சாய்ந்து நின்றது.

பழையதில் பென்சில் இன்னும் அழியவில்லை. வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறின. அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மனைவி எழுதி ஒட்டிய சீட்டுகளிலும் வரிகள் அப்படித்தான் ஏறும். ஒன்றைக்கூட அவர் இன்னும் கிழிக்கவில்லை.

மூன்றாவது தட்டு, மூலை. இங்கே படித்த கதையைப் பேசும்போது அவள் சொன்ன அதே இடம்.

சேகரித்தவர் என்பதற்கு எதிரே அவள் பெயர் இருந்தது. அவருடைய பஸ்ஸில் அவள் முதன்முதலாக ஏறியதற்கு நாலு வருஷம் முந்தைய தேதி.

மூடியைத் திருகினார். யாருக்கும் கேட்காது என்று நினைத்து, கண்ணாடியருகே குனிந்தார்.

“மாட்டினியா?”

அவர் நண்டிடம் பேசுகிறார் என்று நினைத்துப் பக்கத்து மேஜைப் பெண் சிரித்தாள்.