விழுங்காத சோறு

செரிமானப் பாடத்துக்கான சோதனை அது. முதலாண்டு நர்சிங் மாணவிகள் ஆளுக்கு ஒரு வாய் வெறும் சோற்றை இரண்டு நிமிடம் மென்று குழாயில் துப்ப வேண்டும். சோற்றை நீலமாக்கும் அயோடினைச் சொட்டவிட்டாலும் இதில் நீலம் பிடிக்காது; எச்சில் அதற்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கியிருக்கும். ஜெசிந்தாவின் குழாய் மட்டும் மூன்றாவது முறையும் காலியாகவே இருந்தது.

"துப்பச் சொன்னா ஏம்மா முழுங்குற?" என்றார் மேடம்.

"சோத்தைத் துப்ப வரல மேடம்." பிறகு தயங்கி, "ரொம்ப நேரம் மென்னா இனிக்குது," என்றாள்.

"அதான் பாடமே," என்று மேடம் நான்காவது வாய்ச் சோற்றை எடுத்து வைத்தார்.

மாலையில் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா இருபது வருடமாகக் கல்யாண மண்டபங்களில் சோறு வடிக்கிறாள். பதத்தை விரலில் நசுக்கித்தான் பார்ப்பாள். கடைசிப் பந்தி எழுந்தபின் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிடுவாள். அன்றும் பந்தி அப்போதுதான் முடிந்திருந்தது.

"குழம்பு ஊத்தாம ஒரு வாய் போடும்மா. நான் நூறு எண்ணி முடிக்கிற வரைக்கும் முழுங்காத."

"அண்டா கழுவாம கெடக்குடி."

"கெடக்கட்டும்."

ஜெசிந்தா எண்ணத் தொடங்கினாள். மறுமுனையில் மெல்லும் சத்தம் முதலில் அவசரமாகக் கேட்டது. ஐம்பதுக்கு மேல் நிதானமானது. யாரோ, "அக்கா, அண்டா என்னாச்சு?" என்று கூப்பிட்டார்கள்.

"நூறு. இனிக்குதாம்மா?"

மெல்லும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "நூத்தியொண்ணு," என்றாள்.