வாளி மணல்

மூன்று நாளாக விடிந்ததும் கிறிஸ்துமஸ் மரம் தரையில் கிடந்தது. அலங்கார உருண்டைகள் ஒன்றில்கூட நகக்கீறல் இல்லை. கிளாட்சனுக்கு இதுதான் புரியவில்லை. ஆனாலும் வீட்டுப் பூனைகள் இரண்டும் மினுமினுப்புக்கு மயங்கித் தாவுவதாக முடிவுகட்டி, உருண்டைகளை மேல்கிளைகளுக்கு ஏற்றினார். பூனைக்கு அந்த வாசனை ஆகாதென்று அடியில் ஆரஞ்சுத் தோலைப் பரப்பினார். மரம் மறுபடியும் விழுந்தது.

"நாளைக்கும் விழட்டும், ரெண்டையும் சாக்குல போட்டு மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வாரேன்."

பூனைகளைக் குட்டியிலிருந்து வளர்த்த அவர் மனைவி ரூபவதி எழுந்து வந்தாள்.

"ஒங்க ஜிகினாவ அதுங்க திரும்பிக்கூடப் பாக்கலங்க. குனிஞ்சு வாளிய மோந்து பாருங்க."

குனிந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் மரமாகச் சவுக்குக் கிளையை நட்டிருந்தது ஒரு வாளி மணலில். அழுத்திய மணல் கிளையைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும். பூனை அதில் குழி தோண்டி, காரியம் முடிந்ததும் மூடிவிடும். ஆனால் மூடிய மணல் பொலபொலவென்றே இருக்கும். பிடி தளர்ந்த பக்கம் கிளை சாயும். உருண்டைகளை மேலே ஏற்றியதால் அது இன்னும் சுலபமாகச் சாய்ந்தது.

"ரெண்டு டிகிரி வாங்குன மனுசன்! அதுகளுக்கு இது நட்சத்திரம் வச்ச கக்கூசுங்க."

கிளாட்சன் மணலை ஒரு பழைய தட்டில் கொட்டிப் பின்வாசலில் வைத்தார். வாளியில் கருங்கல் ஜல்லியை நிரப்பிக் கிளையை ஊன்றினார். பூனைகள் ஜல்லியை ஒருமுறை மோந்துவிட்டு, பின்வாசலுக்குப் போயின.