டாக்டர் அறையில் செல்வக்கனி பேசியது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர் மெர்லின், என் தம்பி சிவனணைந்தான், அவன் மனைவி செல்வக்கனி, கார் ஓட்டி வந்த என் மைத்துனன் அய்யாத்துரை, நான். வேறு யாருமில்லை.

தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. எங்கள் கடையின் படியேறினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறான்.

டாக்டர் அவனைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் மூத்தவன் பேசுவதுதான் முறை.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"வேற எதுவும் தொந்தரவு?"

"எங்க வீட்டு ஆம்பளையளுக்கு ஒரு கொறையும் கெடையாது. சத்து ஊசி போட்டு விடுங்க."

செல்வக்கனி எழுந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் வாய் திறக்காதவள்.

"ஒரு வருசமா அவியளால முடியல, டாக்டர். புருசன் பொண்டாட்டியா இருக்க முடியல."

தம்பி தரையைப் பார்த்தான். அய்யாத்துரை சிரிப்பை அடக்கினான்.

"வெளிய போ," என்றேன்.

"போவ மாட்டேன், அத்தான். மறைச்சுட்டுப் போயி நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவளிடம்தான் சொன்னார்.

"அங்க போற ரத்தக்குழாய் சின்னது. நெறைய பேருக்கு அதுதான் மொதல்ல அடைக்கும். நெஞ்சுல பின்னாடிதான் தெரியும். இன்னைக்கே இதயத்தப் பாத்துருவோம்."

இதயத்தில் மூன்று அடைப்பு.

அந்த வாரமே நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். இப்போது நடக்கிறான். படியும் ஏறுகிறான்.

ஆடிக் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம்.

"மச்சானுக்கு அடைப்பு நெஞ்சுல மட்டுந்தானா?" என்றான் அய்யாத்துரை. டாக்டர் அறையில் அவள் சொன்னது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பந்தல் முழுக்கச் சிரித்தது.

செல்வக்கனி தலை குனியவில்லை.

பூசாரி முதல் திருநீற்றை என்னிடம் நீட்டினார். ஏழு தலைமுறையாக அது எங்கள் வீட்டு மூத்த ஆணுக்கு உரியது.

"அவளுக்குக் குடுங்க," என்றேன்.

"பொம்பளைக்கா?"

"என் தம்பி பொஞ்சாதிக்கு."

சிரிப்பு நின்றது. அவள் வாங்கிப் புருஷன் நெற்றியில் பூசினாள்.

பெரியவர் மனமிறங்கி அவளை மன்னித்துவிட்டார் என்று இப்போது ஊரில் பேச்சு.

தவறு. நான் யாரையும் மன்னிக்கவில்லை. அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை.