தானாக விழும் வார்த்தை

“இந்த அட்டையில இன்னா போட்டிருக்குன்னு நீயே படிம்மா. வாய்விட்டுப் படி.”

ஜெரோம் மேசைமேல் போட்ட உறுப்பினர் அட்டையை, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வைஷாலி எடுத்துப் பார்த்தாள். திருப்போரூரில் அந்த வட்டார நலச் சங்க ஆபீஸில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

“ஜெனிட்டா ஜெரோம். கீழத்தெரு. தொழில்...” குரல் இறங்கியது. “கூலி.”

“என் பொண்ணு எம்.சி.ஏ. முடிச்சிட்டு ஓ.எம்.ஆர்.ல சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிகினு கீறா. ஃபாரத்துல அப்பிடித்தான் எழுதிக் குடுத்தேன். கூலி எங்கேர்ந்து வந்துச்சு? ஞாயித்துக்கெழம விழாவுல பட்டதாரிங்கள மேடையில ஏத்தி இதைத்தான மைக்குல படிப்பீங்க? நான் வரவே மாட்டேன்னு சோறு துன்னாம ஒக்காந்துகினு கீறா.”

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன் ஜெரோம். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கூப்பிடாமலே கூட வந்த அவன் அப்பா ஏசுதாஸ், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“ஜெரோமு, கொயந்த அட்டைய மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லு. வாங்கினு போயிடலாம்.”

“நீ சும்மா இரு நைனா.”

“தப்பு எங்க மேலதான் சார்,” என்றாள் வைஷாலி. “தொழில் கட்டத்துல நாம எதுவும் அடிக்கலன்னா, தானா ஒரு வார்த்தை விழுற மாதிரி செட் பண்ணியிருக்காங்க. டீஃபால்ட்னு சொல்வாங்க. கீழத்தெருவுக்குத் தானா விழுந்துடும், அடிக்க வேண்டாம்னு இங்க ஒரு பழக்கம். ஃபாரத்தைப் பார்க்காமலே நானும் விட்டுட்டேன்.”

“மாட வீதிக்கும் தானா விழுமா?”

வைஷாலி அட்டையைக் கீழே வைத்தாள். “இல்ல சார். ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனி டேபிள், அதாவது பட்டியல். மத்த தெருவுல காலியா விட்டா காலியாவே இருக்கும்.”

“அப்போ எங்க தெருவுல பொறந்தவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே கூலி. அப்பிடித்தான?”

வைஷாலி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை கூலி, கூலி, கூலி. நர்ஸாக இருக்கும் ரெஜினா கூலி. எலக்ட்ரீஷியன் ஜெரோம் கூலி. எல்லோருக்கும் மேலே, முதல் வரியில் ஏசுதாஸ், கூலி.

ஜெரோம் அந்த முதல் வரியில் விரலை வைத்தான். “எங்க நைனா அணுபுரம் குடியிருப்புல இருபத்தெட்டு வருசம் பெர்மனென்ட் பிளம்பரு. அவருக்கும் கூலியா? மாத்து. இப்பவே எல்லாத்தையும் மாத்து.”

“ஒவ்வொரு பேரா மாத்திடலாம் சார். ஆனா அந்த டீஃபால்ட்டை ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் ஃபைலைத் திறந்தா பழையபடி கூலி வந்து நிக்குது. டேபிள்ல கை வெச்சுப் பிரயோஜனமில்ல. உள்ளே கோடிங்ல எழுதியிருக்காங்க. ஃபைல் திறக்கும்போதெல்லாம் அது ஓடி, டேபிளைத் திரும்ப அப்படியே செட் பண்ணிடுது.”

“எவன் எழுதுனது?”

“முன்னாடி இருந்த ஜெகதீசன் சார். ரிட்டயர் ஆயிட்டார்.”

“எந்தத் தெருக்காரரு?”

“மாட வீதி.”

“நெனச்சேன். தொற அந்தக் கோடிங்க. போட்டோ புடிச்சிகினு கலெக்டர் ஆபீஸ் போறேன்.”

ஏசுதாஸ் எழுந்தே விட்டார். “அதெல்லாம் தொறக்க வேணாம்மா. பழைய கத. வா ஜெரோமு, போலாம்.”

“போலாம், போலாம். இதான் உனக்குத் தெரியும்.” ஆபீஸ் என்றும் பார்க்காமல் ஜெரோம் கத்தினான். “எவன் இன்னா சொன்னாலும் சரிங்க சாமின்னு குனிஞ்சிகினே இருந்த. அதான் ஒருத்தன் நம்ம தெரு மொத்தத்துக்கும் இப்பிடி முத்திர குத்தியிருக்கான். உன்னால வந்தது நைனா இது.”

ஏசுதாஸ் மறுபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

வைஷாலி கோடிங்கைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. கீழத்தெரு, டீஃபால்ட், கூலி. ஒரே வரி. ஜெரோம் போனை எடுத்து இரண்டு போட்டோ பிடித்தான்.

“அதுக்கு மேல பச்சைக் கலர்ல ஏதோ கீதே, அது இன்னா?”

“குறிப்பு சார். எதுக்காக இந்த வரியை எழுதினோம்னு, பின்னாடி வர்றவங்களுக்காக எழுதி வைக்கிறது.”

“அதையும் படி. அந்த ஆளு இன்னா நியாயம் எழுதி வெச்சிருக்காருன்னு கேப்போம்.”

வைஷாலி படித்தாள்.

“புயலில் இடிந்த வீடுகளுக்குப் பதில் வீடு, தொழில் கூலி என்று இருப்பவர்களுக்கு மட்டும் என உத்தரவு. கீழத்தெருவில் நாற்பத்து மூன்று குடும்பம் கூலி என்று எழுதக் கூச்சப்பட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டதால் லிஸ்டில் வரவில்லை. இனி காலியாக விட்டாலும் தானாக விழும்படி செய்யச் சொல்லி, மூன்று நாள் இங்கே வந்து நின்று கேட்டவர்...”

அவள் நிறுத்திவிட்டு, சுவரோரம் பார்த்தாள்.

“படிம்மா,” என்றான் ஜெரோம்.

“...பிளம்பர் ஏசுதாஸ். தனக்கு வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக, அந்த வார்த்தையை முதலில் தன் பேருக்கு நேராகப் போட வைத்துவிட்டுத்தான் போனார்.”