பலகை நம்பர்

"பேலன்ஸ் சாலலேது அண்ணா," என்றாள் பில் போடும் மோகனப்ரியா, தெலுங்கில்.

என் கையிலிருந்த ப்ரீபெய்டு கார்டில் இருநூற்று அறுபது ரூபாய் குறைந்தது.

எனக்கு இது பழக்கம்தான். காராசேவ் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு ஷேவிங் க்ரீமை. பின்னால் ஏழு பேர் பொறுமையாக நின்றார்கள். வரிசையில் நிற்கத் திருப்பதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கார்டின் பெருமையை நான் மணிக்கணக்கில் பேசுவேன். மாதம் பிறந்தால் என் மனைவி கேசியா மூவாயிரம் ஏற்றித் தருவாள். கடைக்கு அவ்வளவுதான். டெபிட் கார்டு அப்படியா? அது மொத்தக் கணக்குக்கும் வாசல். திருடன் கையில் கிடைத்தால் வீடே காலி. ப்ரீபெய்டு என்றால் மூவாயிரத்தோடு விட்டது சனி. ஆபீசில் எல்லோருக்கும் இப்படித்தான் புத்தி சொல்கிறேன்.

எங்கள் வீட்டுத் திருடன் நான்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

பதினாலு மாதத்துக்கு முன் கேசியாவின் டெபிட் கார்டை ரேணிகுண்டாவுக்கு எடுத்துப் போனேன். ஏடிஎம்மில் எடுத்ததையெல்லாம் வேறு வகைக் கார்டுகளில் வைத்தேன். ரம்மி. கைக்குப் பதின்மூன்று. அந்தக் கணக்கில் இருந்தது மகள் பிளெஸ்ஸியின் கல்லூரிப் பணம்.

கேசியா கத்தவில்லை. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இரட்டை டியூட்டி கேட்டு வாங்கினாள்.

அதன்பிறகு நான் சீட்டைத் தொடவில்லை. அவள் கார்டையும் தொடவில்லை. அது சமையலறை ஆணியில், ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் பையில் தொங்கியது. தொட்டு என்ன ஆகப்போகிறது? ரகசிய நம்பரை மாற்றியிருப்பாள். யாராக இருந்தாலும் மாற்றியிருப்பார்கள்.

சோப்பு எடுக்கப் போயிருந்த கேசியா திரும்பி வந்து, நான் ஒதுக்கிவைத்ததைப் பார்த்தாள்.

"இத்த இன்னாத்துக்கு எடுத்து வச்சிக்கினு இருக்கீங்க? தாடியோட வந்தா நான் கூட நடக்க மாட்டேன்."

ஷேவிங் க்ரீமைத் திரும்பவும் தள்ளினாள். பர்ஸைத் திறந்தாள். ஆணியில் தொங்கும் அந்த டெபிட் கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்தப் போடுங்க. நான் போய் ஆட்டோ புடிக்கிறேன்."

போயேவிட்டாள்.

ஒரு பிளாஸ்டிக் துண்டு இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. பிளெஸ்ஸியை முதன்முதலில் கையில் வாங்கியபோதுகூட இவ்வளவு பயமில்லை. அன்றைக்குப் பக்கத்தில் நர்ஸ் இருந்தார்கள். இன்றைக்கு என் நர்ஸ் வாசல்வரை போய்விட்டாள்.

மெஷின் நம்பர் கேட்டது.

"கேசியா! நம்பர் இன்னா?"

அவள் திரும்பக்கூட இல்லை.

"கல்யாணத்தன்னிக்கி பலகைல போட்டிருந்தாங்களே, அதான்! எப்பவும் அதான்!"

ரகசிய எண்ணைக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாளே என்று மோகனப்ரியா பதறிப்போனாள். ஏழு பேரும் கேட்டார்கள். ஒருவருக்கும் புரியவில்லை.

சித்தூரில் எங்கள் சர்ச்சில், அன்றன்று பாடும் பாட்டுகளின் எண்களைச் சுவரில் ஒரு மரப்பலகையில் செருகி வைப்பார்கள். எங்கள் கல்யாணத்தன்று முதல் இரண்டு பாட்டுக்கும் இரண்டிரண்டு இலக்கம். சேர்த்தால் நாலு. என்னவென்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ரேணிகுண்டா ஏடிஎம்மில் நான் அழுத்தியதும் அதே நாலுதான்.

அழுத்தினேன். மெஷின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரசீது வந்தது.

மோகனப்ரியா அதைக் கிழித்து நீட்டிக்கொண்டே இருந்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே கேசியா, இறங்கி நின்ற ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கக் குதிகாலை உயர்த்தியிருந்தாள்.

கேசியா குள்ளம். சமையலறை ஆணியில் அந்தக் கார்டுப் பையை மாட்ட முக்காலி போட்டு ஏறுவாள்.

எனக்குக் கையை நீட்டினால் போதும்.