மூலை வீடு

மழையில் காட்டுப்பாதை சேறாகிவிட்டது. யார் வீட்டு வாசல் பாதையைப் பார்த்து இருக்கிறதோ, அவர்கள்தான் சரளைக்கல் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்று உத்தரவு. பங்கு பிரிக்க வந்த பெருச்சாளி, சந்து முனையில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையை நிறுத்தியது.

"வீட்டுக்காரர் நீங்கதானே? வாசல் பாதையைப் பார்த்து இருக்கு. ஒரு கூடை கல்லு கொட்டணும்."

"ஐயா, நான் சும்மா இந்தப் பக்கமா போயிட்டிருக்கேன். வீடு முதுகோடவே வருது, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" நத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "பாதையைக் குழி குழியா மிதிச்சுப் போட்டது அதோ நிக்கிற யானை. அவரைக் கேளுங்களேன்!"

"அவருக்கு ஏது வீடு? வீடில்லாதவர்கிட்ட எப்படிக் கேக்கிறது?"

நத்தைக்குப் பொறுக்கவில்லை. முக்கி முனகி உடம்பைத் திருப்பி, வாசலைச் சந்துப் பக்கம் வைத்துக்கொண்டது. "இப்போ பாதையைப் பார்க்கலையே?"

பெருச்சாளி ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தது. "வாசல் சந்துல, பக்கச்சுவர் பாதையில. அப்போ இது மூலை வீடு. ரெண்டு கூடை."

இன்னும் திரும்பினால் என்ன ஆகுமோ என்று நத்தைக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைத் தலையால் முட்டித் தள்ளத் தொடங்கியது.

"கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும், நத்தையாரே," என்றது யானை. "கால் புதையுது."